ஏறி என்ன பண்ண, அதுவும் நிக்குதே!

(தலைப்பு: சுற்றுலாத் தலங்களில் போக்குவரத்து நெரிசலுக்குப் பெரிதும் காரணம், மக்களின் சொந்த வாகன மோகமே! அரசின் வசதிக் குறைவே! ‘சொந்த வாகன மோகமே’ என்ற அணியில் இரண்டாவதாகப் பேசியது.)

மாண்புமிகு நடுவர் அவர்களே, என் அணித் தலைவர் அவர்களே, எதிரணியில் தண்ணீர் குடித்துக்கொண்டிருக்கிற நண்பர்களே, (சிரிப்பு) வெளியே வண்டியை எந்தச் சந்தில் நிறுத்தினோம் என்ற கவலையோடு உள்ளே உட்கார்ந்திருக்கிற பெரியோர்களே, தாய்மார்களே, எல்லாருக்கும் வணக்கம். (சிரிப்பு, கைதட்டல்)

எனக்கு முன்னால பேசின எதிரணி நண்பர், “ரோடு அகலமா இல்லை, நிறுத்த இடம் இல்லை, பஸ் இல்லை, பாவம் ஜனங்க என்ன செய்வாங்க?”ன்னு கேட்டு உட்கார்ந்தார். நீங்க கைதட்டினீங்க. நானும் தட்டினேன். பேச்சு அவ்வளவு நல்லா இருந்தது. ஆனா ஒண்ணை மட்டும் அவர் சொல்லாம விட்டுட்டார். அவர் இந்த மண்டபத்துக்கு வந்தது அவரோட கார்ல. ஏழு பேர் உட்கார்ற காரு. வந்தது அவர் ஒருத்தர். (பலத்த சிரிப்பு) அவர் காருக்குப் பின்னாடி நான் கால்மணி நேரம் நின்னேன் நடுவர் அவர்களே, அதனால சொல்றேன். நானும் காருக்குள்ளதான் நின்னேன். என் கார்லயும் ஒருத்தர்தான். (சிரிப்பு) அதை மறைக்கிறதுக்கு இல்லை. இன்னைக்கு நான் பேசப் போறது என்னையும் சேர்த்துத்தான்.

நம்ம வீட்டுல கார் வாங்குறதைக் கொஞ்சம் நினைச்சுப் பாருங்க. பேங்க்ல கடன். மாசத் தவணை. சாவியை வாங்கின அன்னைக்குக் கோயிலுக்குப் போறோம். மாலை போட்டு, சந்தனம் குங்குமம் வச்சு, நாலு சக்கரத்துக்கு அடியிலயும் நாலு எலுமிச்சம்பழம். வீட்டுக்காரம்மா சர்பத்துக்குக் கேட்டா அரை மூடி கிடைக்காது, காருக்கு நாலு முழுப்பழம்! (சிரிப்பு) பூஜை முடிஞ்சு, ஐயர் கையில கொடுத்துட்டுத் திரும்பினா, பையன் கேட்கிற முதல் கேள்வி, “அப்பா, எப்பப்பா ஊட்டி போறோம்?” அந்த வண்டிக்கு ஊட்டிக்குப் போகணும்னு ஆசை இருக்கான்னு யாரும் கேட்கிறதில்லை. (சிரிப்பு) போய் வந்தாத்தான் கார் வாங்கின கணக்கு. ஏரிக்கரையில, காருக்கு முன்னாடி நின்னு ஒரு போட்டோ. அந்தப் போட்டோவுல கார் முழுசா தெரியும். ஏரி பாதிதான் தெரியும். (சிரிப்பு)

இதைத்தான் நான் மோகம்கிறேன். தேவைக்கு வாங்கினவனை நான் குறை சொல்லலை. கால் முடியாத அப்பாவை வச்சிருக்கிறவன் இருக்கான், கைப்பிள்ளைக்காரி இருக்கா. அவங்களுக்கு வண்டி வேணும். ஆனா மே மாசம் மலைமேல நிக்கிற அத்தனை வண்டியிலயும் கால் முடியாத அப்பாவா இருக்கார்?

இப்ப ஒரு கணக்குச் சொல்றேன். நான் தமிழ் வாத்தியார். கணக்கு நமக்கு ஆகாது. அதனால சின்னக் கணக்கா எடுத்துக்கிறேன். 2024-ஆம் வருஷம், நீலகிரிக்கு சீசன்ல எத்தனை வண்டி வருதுன்னு சென்னை உயர்நீதிமன்றத்துல ஒரு கணக்கு வச்சாங்க. ஒரு நாளைக்குச் சுமார் 20,000 வண்டி. அதுல பஸ்ஸு 600 சொச்சம். கார் மட்டும் 11,500. நல்லா கவனிங்க. ஒரு காருக்கு நாலு மீட்டர் நீளம்னு வையுங்க. அந்த 11,500 காரையும் முன்னாடி வண்டி மேல பின்னாடி வண்டி முட்டுற மாதிரி, இடைவெளியே இல்லாம நிறுத்தினா, 46 கிலோமீட்டர். மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டிக்கு நம்ம மலை ரயில் போகுதே, அந்தத் தண்டவாளத்தோட நீளம் எவ்வளவு தெரியுமா? அதுவும் 46 கிலோமீட்டர்! (கைதட்டல்) அதாவது மேட்டுப்பாளையம் ஸ்டேஷன்ல மொதக் கார் நின்னா, கடைசிக் கார் ஊட்டி ஸ்டேஷன்ல நிக்கும். ஒரு காரும் ஓட வேண்டியதில்லை. ஒரு கார்ல ஏறி, அடுத்த கார்ல இறங்கி, அப்படியே தாவித் தாவிப் போய்ச் சேர்ந்துடலாம். (பலத்த சிரிப்பு, கைதட்டல்)

எதிரணித் தலைவர் எழுந்து, “அப்ப ரோட்டை அகலப்படுத்துங்களேன்”பார். ஐயா, எந்தப் பக்கம் அகலப்படுத்துறது? மலைப்பாதைக்கு இந்தப் பக்கம் பாறை, அந்தப் பக்கம் பள்ளம். (சிரிப்பு) நாலு வழிச்சாலை போட அது என்ன விக்கிரவாண்டியா? மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்குள்ள 14 கொண்டை ஊசி வளைவு. ஒவ்வொண்ணையும் அகலப்படுத்தணும்னா மலையை வெட்டணும், மரத்தை வெட்டணும். வெட்டின மலை சும்மா இருக்குமா? 2009 நவம்பர்ல பெஞ்ச மழையில நீலகிரியில மண் சரிஞ்சு நாற்பது பேருக்கு மேல செத்துப் போனாங்க. வீட்டுக்குள்ள தூங்கினவங்க. அந்த மண்ணு எவ்வளவு இளகின மண்ணுன்னு அந்த ஊர்க்காரங்களைக் கேளுங்க. மழைக்காலத்துல கருமேகம் வந்தா நாம “ஆகா, என்ன அழகு!”ன்னு பாட்டுப் பாடுவோம். அவங்க வீட்டுக்குப் பின்னாடி இருக்கிற மேட்டைப் பார்ப்பாங்க.

சரி, மலைமேல ஏறியாச்சுன்னு வையுங்க. பிரச்சினை தீர்ந்துதா? கார் ஓடுறப்ப ஒரு இடத்தை அடைக்குது. நிக்கிறப்பவும் ஒரு இடத்தை அடைக்குது. ராத்திரியும் அடைக்குது. பஸ் உங்களை இறக்கி விட்டுட்டு அடுத்த ஆளை ஏத்தப் போயிரும். காரு போகாது. நீங்க தாவரவியல் பூங்காவுல பூ பாக்கிற வரைக்கும் அது வெளியே காத்துக்கிட்டு நிக்கணும். இல்லேன்னா வீட்டுக்காரர் சேரிங் கிராஸைச் சுத்திச் சுத்தி வரணும், அம்மாவும் பிள்ளைகளும் பூ பார்ப்பாங்க. மனுஷன் 1896-லேருந்து நடக்குற மலர்க் கண்காட்சிக்கு நானூறு கிலோமீட்டர் வண்டி ஓட்டிட்டு வந்து, ஒரு ரோஜாப்பூவைக்கூடப் பார்க்காமத் திரும்புவார். எவ்வளவு பெரிய தியாகம்! (சிரிப்பு)

2019 மே மாசம். நான், என் மனைவி, மகன், மகள். மதுரையிலேருந்து விடியக்காலையில கிளம்பினோம். டிக்கியில புளியோதரை, தயிர்ச்சோறு, நார்த்தங்காய். நார்த்தங்காய் எதுக்குன்னா வளைவுல வாந்தி வந்தா வாயில அடக்கிக்க. மேட்டுப்பாளையம் தாண்டி, பர்லியாறு தாண்டி நல்லாத்தான் போனோம். குன்னூருக்கு நாலு கிலோமீட்டர் இருக்கும்போது வண்டி நின்னது. நின்னதுன்னா நின்னதுதான். முன்னாடி பின்னாடி எங்க பார்த்தாலும் காரு. எனக்குப் பின்னாடி நாலஞ்சு வண்டி தள்ளி ஒரு அரசு பஸ்ஸு. முதல் பத்து நிமிஷம் எல்லாரும் ஹாரன் அடிச்சோம். அடிச்சா மலை நகரும்னு ஒரு நம்பிக்கை. (சிரிப்பு)

அரை மணி ஆச்சு. பஸ்ஸிலேருந்து ஒவ்வொருத்தரா இறங்கி நடக்க ஆரம்பிச்சாங்க. அதுல ஒரு அம்மா. அறுபத்தஞ்சு வயசுக்குக் குறையாது. ஸ்வெட்டர், தலையில துண்டு, கையில ஒரு பெரிய எக்ஸ்ரே கவர். ஏத்தத்துல மூச்சு வாங்கிட்டு என் வண்டிப் பக்கத்துல வந்து, கண்ணாடியைப் பிடிச்சுக்கிட்டு நின்னுச்சு. நான் கேட்டேன், “எங்கம்மா போறீங்க?” “குன்னூர் ஆஸ்பத்திரிக்குத் தம்பி. பதினோரு மணியோட சீட்டு குடுக்கிறதை நிறுத்திருவாங்க.” மணியைப் பார்த்தேன். பத்தே கால்.

என் மனைவிக்கு மனசு கேட்கலை. “அம்மா, நடக்காதீங்க, கார்ல ஏறிக்கோங்க. நாங்க கொஞ்சம் நெருக்கி உட்கார்ந்துக்கிறோம்”னு கதவைத் திறந்தாங்க. அந்த அம்மா எங்களைப் பார்த்துச் சிரிச்சது. கோபமே இல்லை. “ஏறி என்ன பண்ண தாயி? அதுவும் நிக்குதே!”ன்னுச்சு.

(கைதட்டல்)

எனக்கு அன்னைக்குக் கைதட்டத் தோணலை. நான் முனைவர் பட்டம் வாங்கினவன். முப்பது வருஷமா வகுப்புல பேசுறவன். ஒரு பதில் வரலை எனக்கு. ஏன்னா அந்த அம்மாவுக்கு உதவி செய்யணும்னு கதவைத் திறக்கிறோம், ஆனா அந்த அம்மா நடக்கிறதுக்குக் காரணமே அந்தக் கதவு இருக்கிற வண்டிதானே? நாங்க நாலு பேரும் அன்னைக்குப் பஸ்ல வந்திருந்தா, எங்களைப் போல முன்னாடி இருந்தவங்களும் பஸ்ல வந்திருந்தா, அந்தப் பஸ்ஸு பத்து மணிக்குக் குன்னூர் போய்ச் சேர்ந்திருக்கும். அவங்க போறப்ப ஒண்ணு சொன்னாங்க. “நீங்க வருசத்துக்கு ஒரு நாளு நிக்கிறீங்க தம்பி. எங்களுக்குச் சித்திரை, வைகாசி ரெண்டு மாசமும் இதுதான்.” நாங்க குன்னூர் போய்ச் சேர்ந்தப்ப மணி பன்னிரண்டு அடிச்சுப் போச்சு. அவங்களுக்குச் சீட்டு கிடைச்சுதா கிடைக்கலையா, தெரியாது.

நெரிசல்னா நாம என்ன நினைக்கிறோம்? நம்ம விடுமுறை வீணாப் போச்சேன்னு நினைக்கிறோம். அங்க இருக்கிற பிள்ளைக்குப் பரீட்சை இருக்கும். தோட்டத்துல பறிச்ச தேயிலைக் கொழுந்து அன்னைக்கே ஃபாக்டரிக்குப் போகணும், இல்லேன்னா கெட்டுப் போகும். கேரட்டு, பீட்ரூட்டு மேட்டுப்பாளையம் மண்டிக்கு இறங்கணும். இந்த எல்லாம் நம்ம போட்டோவுக்குப் பின்னால நிக்குது.

நடுவர் அவர்களே, இதுக்குத்தான் நீதிமன்றம் உள்ள வந்துச்சு. 2024 மே 7-ஆம் தேதியிலிருந்து ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் வண்டியில போறவங்க இ-பாஸ் எடுக்கணும்னு ஆச்சு. மறு வருஷம், 2025 ஏப்ரல் முதல் ஜூன் வரைக்கும் ஒரு அளவே போட்டாங்க. நீலகிரிக்கு வார நாள்ல 6,000 வண்டி, சனி ஞாயிறுல 8,000. கொடைக்கானலுக்கு வார நாள்ல 4,000, சனி ஞாயிறுல 6,000. இதைக் கேட்டவுடனே எதிரணி நண்பர் சொன்னார், “பாருங்க, ஏழை எளிய ஜனங்க மலைக்குப் போறதைத் தடுத்துட்டாங்க”ன்னு. ஐயா, அந்த உத்தரவை முழுசா படிச்சீங்களா? அரசு பஸ்ஸுல போறவனுக்குப் பாஸ் வேண்டாம். ரயில்ல போறவனுக்குப் பாஸ் வேண்டாம். உள்ளூர் வண்டிக்குக் கட்டுப்பாடு கிடையாது. காய்கறி வண்டிக்குக் கிடையாது. நீதிமன்றம் எண்ணினது வண்டியை. மனுஷனை எண்ணலை! (பலத்த கைதட்டல்) ஒரு லட்சம் பேரு பஸ்ல போனாலும் யாரும் உங்களை நிறுத்தி, “இன்னைக்கு மனுஷன் முடிஞ்சு போச்சு, நாளைக்கு வாங்க”ன்னு சொல்லலை.

ஏழை ஏழைங்கிறீங்களே, 2019-21-ல எடுத்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்புல, இந்த நாட்டுல நூறு குடும்பத்துல கார் வச்சிருக்கிறது ஏறக்குறைய எட்டுக் குடும்பம்தான். அந்த எட்டுக் குடும்பம் நிறுத்தின வண்டியால மீதித் தொண்ணூத்திரண்டு குடும்பம் ஏறி வந்த பஸ்ஸு நிக்குது. ஏழைக்காகப் பேசுறது யாரு, நீங்களா நானா?

பஸ் பத்தலைன்னீங்க. இதை நான் ஒத்துக்கிறேன். பட்டிமண்டபம்கிறதுக்காக இருக்கிறதை இல்லேன்னு சொல்லக் கூடாது. மே மாசம் மேட்டுப்பாளையம் பஸ் ஸ்டாண்டுல ஊட்டி பஸ் வந்தா, ஜன்னல் வழியா துண்டு போடுறாங்க, பை போடுறாங்க, சமயத்துல பிள்ளையையே போடுறாங்க. (சிரிப்பு) கூடுதல் பஸ் விடணும், அடிவாரத்துல வண்டி நிறுத்த நல்ல இடம் கட்டணும், அங்க சுத்தமான கக்கூஸ் இருக்கணும். இது அரசாங்கத்தோட கடமை. செய்யலைன்னா கேட்கணும். ஆனா யார் கேட்பா? சத்தம் போட்டா அதிகாரி திரும்பிப் பார்க்கிற ஆளு யாரு? நீங்க, நான், டாக்டர், வக்கீல், பேங்க் மேனேஜர். நாம எல்லாரும் பஸ்ஸை விட்டு இறங்கிக் கார்ல ஏறிட்டோம். மிச்சம் இருக்கிறது எக்ஸ்ரே கவரோட நிக்கிற அந்த அம்மா. அந்த அம்மா சத்தம் யாருக்குக் கேட்கும்? பஸ் சரியில்லைன்னு நாம காரு வாங்கினோம். நாம காரு வாங்கினதால பஸ் சரியில்லாமலே போச்சு.

வியாபாரிகளைப் பத்தி என் தங்கச்சி, எதிரணியில முதல்ல பேசினவங்க, உருக்கமா சொன்னாங்க. 2025 ஏப்ரல் 2-ஆம் தேதி நீலகிரியில கடையெல்லாம் அடைச்சாங்க, வண்டிக்கு அளவு போட்டதை எதிர்த்து. உண்மை. அவங்க பயத்தை நான் கேலி பண்ண மாட்டேன். ரெண்டு மாசம் சம்பாதிச்சு வருஷம் பூரா சாப்பிடுறவங்க. ஆனா தங்கச்சி, நம்மூர்ல கார்ல போறவன் என்ன வாங்குறான்? டிக்கியைத் திறந்து பாருங்க. அரிசி, பருப்பு, மண்ணெண்ணெய் ஸ்டவ், தண்ணி கேன், இட்லிக் குண்டான்! (சிரிப்பு) என் டிக்கியில புளியோதரை இருந்ததைத்தான் நானே சொன்னேனே. பஸ்ல வர்றவனால குண்டானைத் தூக்கிட்டு வர முடியுமா? அவன்தான் கடையில சாப்பிடுறான், உள்ளூர் ஆட்டோவுல ஏறுறான், உள்ளூர் ஜீப்புக்குக் காசு குடுக்கிறான். கடைக்காரருக்கு வேண்டியது ஆளு. நம்ம பம்பர் அவர்கிட்ட சுண்டல் வாங்காது. (கைதட்டல்)

வண்டியை விட்டுட்டுப் போறது நமக்குத் தெரியாத பழக்கமா? 2018 வெள்ளத்துக்குப் பிறகு சபரிமலைக்குப் போற பெரும்பாலான வண்டியை நிலக்கல்ல நிறுத்திட்டு, அங்கேருந்து கேரள அரசு பஸ்லதான் பம்பைக்குப் போறோம். எந்தச் சாமியும் முணுமுணுக்கலை. கார்த்திகை தீபத்துக்குத் திருவண்ணாமலையில ஊருக்கு வெளியிலேயே வண்டியை நிறுத்திடுறாங்க. இறங்கி 14 கிலோமீட்டர் மலையைச் சுத்தி நடக்கிறோம். மகாராஷ்டிரத்துல மாதேரான்னு ஒரு மலை ஊர். கார் உள்ளே போகவே முடியாது. தஸ்தூரிங்கிற இடத்துல விட்டுட்டுத்தான் போகணும். சனி ஞாயிறு வந்தா பம்பாய்க்காரங்க அங்கதான் ஓடுறாங்க.

அவ்வளவு தூரம் ஏன் போகணும்? நம்ம பாரி வள்ளல் யாரு? பறம்பு மலைக்கு அரசன். மலைவாசஸ்தலத்துக்காரர்! முல்லைக் கொடி படரக் கொம்பில்லாம ஆடுதுன்னு, ஏறி வந்த தேரை அப்படியே விட்டுட்டு இறங்கிப் போனார். ஒரு மலைமேல சொந்த வாகனத்தை விட்டுட்டு நடந்தே வீடு திரும்பின முதல் ஆள் அவர்தான். (பலத்த சிரிப்பு, கைதட்டல்) நாம அதையும் மாத்திட்டோம். தேருக்கு இடம் பத்தலைன்னு முல்லையை வெட்டுறோம். பத்துப்பாட்டுல மலைபடுகடாம்னு ஒரு நூல். கூத்தாடப் போறவங்களுக்கு மலைவழி சொல்ற நூல். எங்க குழி இருக்கும், எங்க பாறை வழுக்கும், ராத்திரி எப்படித் தங்கணும்னு ஒவ்வொண்ணா சொல்லும். அந்தக் கூட்டம் குழந்தை குட்டியோட, மத்தளம் யாழோட நடந்து போச்சு. நம்ம கையில ஒரு வாட்டர் பாட்டில். இதைத் தூக்க ஒரு கார்! (சிரிப்பு)

என்ன நடுவர் அவர்களே, மணி அடிச்சுட்டீங்களா? ஒரு நிமிஷம். இவ்வளவு பேசுறியே, நீ எப்படிப் போறேன்னு எதிரணியில கேட்பாங்க. அதை மட்டும் சொல்லிடறேன்.

2025 மே மாசம் நானும் மனைவியும் மட்டும் போனோம். மதுரையிலேருந்து கோயம்புத்தூருக்கு ரயில். அங்கேருந்து மேட்டுப்பாளையம் பாசஞ்சர். மலை ரயில்ல டிக்கெட் கிடைக்கலை, அதுக்கு ரொம்ப முன்னாடியே பதியணும். பஸ்ல ஏறினோம். இ-பாஸ் இல்லை, ஒண்ணும் இல்லை. என் மனைவிக்கு ஜன்னலோரம் கிடைச்சுது. பர்லியாறு தாண்டினதும் என் கையைப் பிடிச்சு, “ஏங்க, அங்க பாருங்க”ன்னாங்க. பார்த்தேன். கீழே பள்ளத்தாக்கு, நடுவுல வெள்ளையா அருவி, மேல மேகம். இருபது வருஷமா அந்த ரோட்டுல வண்டி ஓட்டிட்டுப் போறேன் நடுவர் அவர்களே. அந்தப் பள்ளத்தாக்கை அன்னைக்குத்தான் பார்த்தேன். அதுவரைக்கும் நான் பார்த்தது முன்னாடி போற வண்டியோட நம்பர் பிளேட்டு! (பலத்த சிரிப்பு, நீண்ட கைதட்டல்)

குன்னூர்ல ஒரு பாட்டி ஏறினாங்க, எழுந்து இடம் குடுத்தேன். அங்கேருந்து ஊட்டி வரைக்கும் நின்னுக்கிட்டேதான் போனேன். காரு எங்கன்னு கேட்கிறீங்களா? மதுரையில, வீட்டு வாசல்ல, போர்வை போர்த்தித் தூங்கிக்கிட்டு இருந்தது.